கரும்போடு முடிந்துவிடாத ஜானகி அம்மாள்

இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது: இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர். மகளிர் தினச் சுவரொட்டியிலும் வருகிறது, பொது அறிவுக் கையேட்டிலும் வருகிறது, கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு மாணவிகள் எழுதித் தரும் தாள்களிலும் வருகிறது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒற்றைப் பாராட்டுதான் அவரை நாம் சரியாக வாசிக்க விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912-இல். பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே நாட்டுக் கரும்பை நாணல் வகையோடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ 205 வெளிவந்தது 1918-இல். வட இந்திய வயல்களை மாற்றியமைத்த கோ ரகங்களின் கதை அங்கே தொடங்குகிறது. ஜானகி அம்மாள் அந்த நிலையத்துக்கு வந்தது 1934-இல். 1918-இல் அவர் சென்னையில் படித்துக்கொண்டிருந்த இளம்பெண். ஆக, கரும்பை இனிப்பாக்கிய பெருமையை அவர் தலையில் வைப்பது, பிறர் செய்ததை எடுத்து அவருக்குக் கொடுப்பது. கொடுத்த கையோடு அவர் செய்ததை எடுத்துக்கொண்டும் விடுகிறோம்.

கோவையில் அவர் செய்தது செல்மரபியல். நாணல் வகையான சக்காரம் ஸ்பாண்டேனியத்தின் இந்திய வடிவங்களை எடுத்து அவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். ஒவ்வொரு வட்டாரத்து நாணலுக்கும் எண்ணிக்கை வேறாக இருந்தது. அந்த எண்ணிக்கைகளை வைத்துச் செடியின் பிறப்பிடத்தையும் பயணத்தையும் படிக்கலாம் என்று காட்டினார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தார். அந்தச் சோதனை பற்றிய குறிப்பு 1938-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பேரினம் தாண்டிச் செய்த இந்தக் கலப்புகளால் சர்க்கரை ஆலைக்கு உடனடி லாபம் ஏதும் கிடையாது. ஒரு புல்லுக்கும் இன்னொரு புல்லுக்கும் நடுவே உள்ள வேலி எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. நாணல் குடும்பத்துக் காட்டுக் கரும்புகளுக்கு நம்மிடம் பேய்க்கரும்பு என்றொரு பெயர் உண்டு. பட்டினத்தார் கையில் ஏந்தித் திரிந்ததாகச் சொல்வார்களே, அந்தப் பேய்க்கரும்பு. நுனி இனித்த இடம் திருவொற்றியூர் என்பது கதை. ஜானகி அம்மாளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் அந்த இனித்த நுனிதான் வேண்டியிருக்கிறது, கசந்த நீளம் வேண்டாம்.

ஏன் இனிப்பு? பெண் அறிவியலாளரை வாசகர் மனத்துக்குள் அழைத்துப்போக எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி சமையலறை வழி. சர்க்கரை என்றால் காப்பி, பாயசம், பண்டிகை. செல்பிரிதலின்போது குரோமோசோம்கள் எப்படி இணைசேர்கின்றன என்று ஐந்து ஆண்டுகள் நுண்ணோக்கி வழியே பார்த்தவரை, வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்த அத்தையாக ஆக்கிவிட்டால் எல்லோருக்கும் வசதி. இதோடு சேர்ந்து வரும் துணுக்குகளையும் கவனியுங்கள். லண்டனுக்குப் போகும்போது ஓர் அணிலைப் புடவைக்குள் மறைத்துக் கொண்டுபோனார், அதற்கு கபோக் என்று பெயர் வைத்தார். புடவைதான் உடுத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அணில் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவரோடு சேர்ந்து நூல் எழுதிய டார்லிங்டனைப் பற்றிய கட்டுரைகள் அவருடைய கால்சட்டையிலிருந்து தொடங்குவதில்லை.

'முதல் பெண்' என்ற பட்டம் இன்னொரு தொல்லை. முதலாவதாக நிற்கிறவரைச் சுற்றி ஒரு வெறுமை வேண்டும். அவரோடு படித்தவர்கள், அவருக்குக் கற்பித்தவர்கள், ராணி மேரி கல்லூரியிலும் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைப் பெண்கள், ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகை இவையெல்லாம் மறைந்தால்தான் அவர் தனியாக ஒளிரமுடியும். (கரும்பு பார்பர் வேறு, உதவித்தொகை பார்பர் வேறு. தமிழில் இரண்டும் ஒன்றாக ஒலிப்பது நம் எழுத்தின் குறும்பு.) 1924-இல் அந்த உதவித்தொகையில் அமெரிக்கா போனார், 1931-இல் முனைவரானார். தனி மேதையின் பாய்ச்சலாக இதைச் சொல்வது தவறு. பெண்களுக்காகப் பெண்களும் சில ஆண்களும் கட்டிவைத்த படிகளில் ஏறினார் என்பதே சரி. ஏறியதில் அவர் திறமை குறைந்துவிடாது.

புதுச்சேரியில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-இல் பிறந்த தலச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் மாஹே. நம் ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு துண்டுகளில் ஒன்று. அவருடைய சிறுவயதில் தலச்சேரி ஆங்கிலேயர் கையில், மாஹே பிரெஞ்சுக்காரர் கையில். ஒரே மழை, ஒரே செடி, இரண்டு கொடி. அவருடைய குடும்பத்துக்குள்ளும் இந்த எல்லை ஓடியது. தாய் தேவி குருவாயி, திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஹானிங்டன் என்ற ஆங்கிலேயருக்கும் குஞ்ஞி குறும்பி என்ற மலபார்ப் பெண்ணுக்கும் பிறந்தவர். தாத்தாவின் பதவி எல்லா வாழ்க்கைக் குறிப்பிலும் இருக்கிறது. பாட்டிக்குக் கிடைத்தது பெயர் மட்டும். அந்த உறவு எப்படிப்பட்டது, அதில் அவருக்கு என்ன சொல் இருந்தது என்பதை எழுதியவர்கள் குறைவு. தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி, பறவைகளைப் பற்றி எழுதியவர். குடும்பம் தீயர் சாதி. கோவை நிலையத்தில் பெண் என்பதும் சாதியும் சேர்ந்தே அவருக்கு எதிராக வேலை செய்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வினிதா தாமோதரன் 2013-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பாலினம், இனம் என்ற இரண்டையும் தலைப்பிலேயே வைத்துப் பேசுகிறது. அதற்கு முன் வந்த அறிவியல் கழகப் பாணிக் குறிப்புகளில் சாதி என்ற சொல்லைத் தேடவேண்டியிருக்கும்.

பிறகு நடந்தவை தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போன சமயம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். அடுத்து விஸ்லியில் அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் மக்னோலியா நாற்றுகளோடு சில ஆண்டுகள். அங்கே அவர் பெயரில் ஒரு மக்னோலியா இன்னும் பூக்கிறது. 1951-இல் நேருவின் அழைப்பில் இந்தியாவுக்குத் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் சிறப்பு அதிகாரியானார். சீரமைப்புத் திட்டம் தந்தவர் அவர். துறையின் தலைமை போனது வேறொருவருக்கு. அவருக்குக் கிடைத்தது அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி.

அட்லஸைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மேற்கோள் பட்டியல்களில் இவர் பெயர் பல இடங்களில் 'அம்மாள், இ.கே.ஜே.' என்று வரும். மரியாதைக்காகச் சேர்த்த சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். உலக அறிவியலில் 'அம்மாள் 1945' என்று ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1955-இல் அந்த நூலின் அடுத்த பதிப்பு பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக விரிந்து வந்தபோது டார்லிங்டன் பெயர் அப்படியே இருந்தது, பக்கத்தில் இருந்த பெண் மட்டும் மாறியிருந்தார். அது ஆன் வைலி, நியூசிலாந்துக்காரர். தரவுகளைத் திரட்டி அடுக்கும் வேலையில் பெண்கள் வருவதும் போவதுமாக இருக்க, நூலின் முதுகில் நிலையாக நிற்பது ஆணின் பெயர். இவரைப் பற்றியும் ஒருவர் எழுதவேண்டும்.

இனி நான் பேச வந்த பகுதி. 1959-க்குப் பிறகு அவர் வாழ்ந்த கால் நூற்றாண்டு பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு பத்திக்குள் முடிந்துவிடுகிறது: ஜம்முவில் வேலை பார்த்தார், மருத்துவத் தாவரங்களில் ஈடுபட்டார், சைலண்ட் வேலிக்காகக் குரல் கொடுத்தார், 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1984 பிப்ரவரி 7-இல் இறந்தார். ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு போலத் தோன்றும். குரோமோசோம் என்றால் அறிவியல், மூலிகை என்றால் பாட்டி வைத்தியம் என்ற தரவரிசை நம் தலைக்குள் இருப்பதால்தான் இந்தப் பகுதி சுருங்குகிறது. ஜானகி அம்மாளிடம் இவை இரண்டாக இருக்கவே இல்லை.

அவர் கேட்ட கேள்வி இது: ஒரு செடியின் குரோமோசோம் தொகுதிகள் இரண்டு என்பதற்குப் பதில் நான்காகவோ ஆறாகவோ பெருகினால், அதாவது அது பன்மடியமானால், அதன் மருந்துப் பொருளும் எண்ணெயும் கூடுமா, குறையுமா, வேறாகுமா? ஒரே மூலிகை ஒரு மலையில் வேலை செய்து இன்னொரு மலையில் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் மண்ணா, மழையா, செல்லுக்குள் இருக்கும் எண்ணிக்கையா? ஜம்முவில் மண்டல ஆய்வுக்கூடத்தில் அவர் எடுத்துக்கொண்ட செடிகளைப் பாருங்கள்: புதினா, ஊமத்தை, எலுமிச்சைப்புல் இனங்கள், கண்டங்கத்தரிக் குடும்பம், காட்டு வள்ளிக்கிழங்குகள். 1966-இல் குப்தாவோடு சேர்ந்து எலுமிச்சைப்புல் இனங்களில் பன்மடியத்துக்கும் எண்ணெய் அளவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். இந்தச் செடியை இன்ன இடத்தில்தான் பறிக்கவேண்டும் என்று சொல்கிற மருத்துவச்சியின் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், அதற்குள் சோதிக்கத்தக்க ஒரு கூற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள இந்த முறை இடம் தருகிறது. அவர் இதை இப்படிச் சொன்னாரா என்பது வேறு. நான் அந்த வேலையை அப்படி வாசிக்கிறேன்.

குரோமோசோம்களை இரட்டிக்கப் பயன்படும் கால்ச்சிசின் என்ற நஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ அதைத் தாவரங்களில் பயன்படுத்திக் காட்டிய பின் உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. விஸ்லியில் ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளுக்கு இட்டதும் அதுதான். ஐரோப்பாவில் அது கோல்ச்சிகம் என்ற செடியில் கிடைக்கிறது. நம் ஊரில் அதே பொருள் செங்காந்தளில் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று பல பெயர்கள். பிரசவ வலி எழாத பெண்ணின் அடிவயிற்றில் இதை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். கருவைக் கலைக்கும் என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள். அளவு தப்பினால் உயிர் போகும். ஆய்வகத்தில் செல்லின் பிரிவை நிறுத்தும் ஒரு பொருள், ஆய்வகம் வருமுன்பே பேறுகால அறைக்குள் பெண்களின் கையில் இருந்தது. பேறு பார்த்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த மேற்கோள் பட்டியலிலும் 'அம்மாள்' என்றுகூட வராது.

காட்டு வள்ளிக்கிழங்கின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 1940-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து அதிலிருந்து புரோஜெஸ்டிரானைச் செய்தார். கருத்தடை மாத்திரைக்கான வழி அந்தக் கிழங்கிலிருந்துதான் திறந்தது. 1956-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் மாத்திரை சோதிக்கப்பட்டது, 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி பெற்றது. உலகம் முழுக்க டயோஸ்ஜெனின் தரும் செடிகளைத் தேடும் வேட்டை தொடங்கியது. இந்தியாவில் அதற்குக் கிடைத்தவை காஷ்மீர் இமயத்தின் டயோஸ்கோரியா டெல்டாய்டியா, தெற்கே இஞ்சிக்கு உறவான காஸ்டஸ் ஸ்பீசியோசஸ். ஜானகி அம்மாள் ஜம்முவில் டயோஸ்கோரியாவின் குரோமோசோம்களோடு இருந்தார். பின்னாளில் காஸ்டஸோடு இருந்தார்.

அவர் மணம் மறுத்ததை ஒவ்வொரு கட்டுரையும் சொல்கிறது. உலகின் கோடிக்கணக்கான பெண்கள் எத்தனை பிள்ளை, எப்போது என்று தாங்களே முடிவு செய்ய வழிவிட்ட பொருளைத் தரும் செடிகளில் அவர் வேலை செய்தார் என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. சர்க்கரையைவிட இது பெரிய செய்தி இல்லையா? இந்த மாத்திரைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. யார் உடல்மேல் சோதித்தார்கள், குடும்பக்கட்டுப்பாடு என்ற பெயரில் அரசு யாரை இலக்காக்கியது என்பதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். அப்படிப் பேசத் தொடங்கினால் ஜானகி அம்மாள் இனிமையான முன்னோடியாக இருக்கமாட்டார், நம்மோடு வாதாடுகிற ஆளாகிவிடுவார்.

1955-க்கு வருவோம். அந்த ஆண்டு பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு என்ற பொருளில் ஒரு பெரிய மாநாடு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றிப் பேசினார். பழங்குடிகளின் பயிர்முறை, தாய்வழிச் சமூகங்களில் சொத்தையும் செடியையும் பெண்கள் நிர்வகித்தது, தானியப் பெருவிளைச்சலின் வேகத்தில் இவை அழிவது என்று அவர் பேச்சு போயிற்று. நேருவின் அரசில் பணியாற்றியவர், அந்த அரசின் வளர்ச்சிக் கனவு உச்சத்தில் இருந்தபோது சொன்னவை இவை. கடைசிக் காலத்தில் குந்திப்புழை அணைக்கு எதிராக அவர் நின்றதை முதுமையின் மனமாற்றம் என்று எழுதுகிறவர்கள் இந்த உரையைத் திரும்பப் பார்க்கலாம்.

அதே 1955-இல் நம் ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. செயின்ட் லூயி வீதியில் இன்றும் இருக்கிறது, அங்கே ஒரு ஹெர்பேரியமும் இருக்கிறது. இன்னும் பின்னே போனால் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அதைப் பார்த்துக்கொண்ட பெரோத்தே. நீலகிரியில் செடி திரட்டியவர், 1870-இல் இங்கேயே இறந்தவர். அவர் சேகரித்தவை பாரிசில் இருக்கின்றன. இந்தியச் செடிகளை அந்நியர் திரட்டி வெளிநாட்டுக் காப்பகங்களில் வைத்திருப்பதை அளவைத் துறைப் பணியின்போது ஜானகி அம்மாள் குறையாகச் சொன்னார், தாங்களே திரட்டி இங்கேயே வைக்கவேண்டும் என்றார். தேசியவாதியின் நியாயமான குரல். ஆனால் ஹெர்பேரியத் தாளின் மூலையில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள். செடியின் பெயர், சேகரித்தவர், எண், நாள், இடம், உயரம் எல்லாம் இருக்கும். செடியை அடையாளம் காட்டியவருக்கு அதில் கட்டம் கிடையாது. கியூவில் இருந்தாலும் கல்கத்தாவில் இருந்தாலும் சீட்டு அதேதான்.

மலபாரில் ஒரு விதிவிலக்கு சொல்வார்கள். 1678-இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' நூலில், வான் ரீடுக்குச் செடிகளைச் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரை அவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. பெரிய விஷயம். அதிலும் சான்று தந்த நால்வரும் ஆண்கள். நம் காலத்தில், 1987-இல் அகத்தியமலைக் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சையை அறிவியலாளர்களுக்குக் காட்ட, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்து, உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முன்மாதிரி. காட்டியவர்கள் என்று பெயர் சொல்லப்படுகிறவர்கள் ஆண்களே. இங்கே குபேர் அங்காடியில் முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை என்று கூறுகட்டி வைத்து, எதை எதோடு சேர்க்கலாம், எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று விற்கும்போதே சொல்லித் தருகிறவர்கள் பெண்கள். அறிவு இவர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தம் என்று வரும்போது தாளில் வருவது வேறு பெயர்.

இந்தக் கேள்வியை ஜானகி அம்மாளிடமும் கேட்கவேண்டும். தாய்வழிச் சமூகத்தில் செடியைப் பேணியது பெண்தான் என்று பிரின்ஸ்டனில் சொன்னவர், தன் கட்டுரைகளின் தலைப்பில் செடியையும் குலத்தையும் வைத்தார். சொன்னவளின் பெயர் வைக்க அன்றைய அறிவியல் மொழியில் இடமில்லை, அந்த மொழியை அவர் உடைக்கவும் இல்லை. அவரைப் பெண்ணியவாதி என்று முத்திரை குத்த எனக்கு ஆசையில்லை. அவர் வேலையில் நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது என்பது போதும்.

2022-இல் சாவித்திரி பிரீதா நாயர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு வந்தபின், துணுக்குகளை நம்பி எழுதுவதற்கு யாருக்கும் சாக்கு இல்லை. அந்த நூல் தலைப்பிலேயே அவரைக் குரோமோசோம் பெண் என்றும் நாடோடி விஞ்ஞானி என்றும் அழைக்கிறது. முதல் பெயரை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன், சர்க்கரை போய்க் குரோமோசோம் வந்ததே பெரிது. 'நாடோடி' என்பதில்தான் எனக்குத் தயக்கம். திருவனந்தபுரம், கோவை, லண்டன், விஸ்லி, அலகாபாத், ஜம்மு, டிராம்பே, சென்னை என்ற வரிசையில் எத்தனை இடம் அவராகத் தேர்ந்தது, எத்தனை இடம் வேறிடம் கிடைக்காததால் போனது? ஆண் அறிவியலாளர் ஒரு நிறுவனத்தில் முப்பது ஆண்டு அமர்ந்து சீடர்களை உருவாக்குவார், சீடர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தவருக்குப் பள்ளி உருவாகாது. நாடோடி என்ற சொல்லின் அழகு இந்த இழப்பை மூடிவிடக்கூடாது. நான் தாவரவியல் படித்தபோது டார்லிங்டன் பாடத்தில் இருந்தார். இவர் இல்லை.

1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு ஓய்வுநிலை அறிவியலாளராக வந்தார். மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்திலேயே தங்கினார். எழுபது வயதைத் தாண்டியவர் அங்கிருந்து மலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவர் இறந்த 1984-இல்தான் நாகேந்திர பிரசாத்தோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. தமிழ்நாட்டுக் காணிக்காரரிடையே காஸ்டஸ் ஸ்பீசியோசஸ் பற்றிய கண்டறிதல்கள் என்பது அதன் பொருள். ஐந்தே பக்கம். அந்த ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.